பல்கலைக்கழக வாயிலில் ஒரு மறைமுகப் பரீட்சை

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் வேளையில் நம் ஊர்களிலே மகிழ்ச்சி பொங்குகின்றது. "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டது" என்ற செய்தி தோட்டத்திலும் கடைத்தெருவிலும் கோயில் வீதியிலும் பரவுகின்றது. காணியை ஈடு வைத்தும், கழுத்தில் இருந்ததைக் கழற்றியும் மகனையும் மகளையும் படிப்பித்த பெற்றோர் அன்றுதான் ஆறுதலாக மூச்சு விடுகின்றனர். பரீட்சைகளுள் கடினமானதைப் பிள்ளை கடந்துவிட்டது என்று அவர்கள் நம்புகின்றனர்.

அந்த நம்பிக்கை பாதி உண்மையே. பல்கலைக்கழகத்தின் வாயிலிலே இன்னொரு பரீட்சை காத்திருக்கின்றது. அதற்கு விண்ணப்பப் பத்திரம் இல்லை, பாடத்திட்டம் இல்லை, பெறுபேற்றுத் தாளும் இல்லை. ஆயினும், முதல் ஆண்டிலே எத்தனையோ மாணவரின் தலைவிதியை நிர்ணயிப்பது அதுவே. அந்த மறைமுகப் பரீட்சையின் பெயர் ஆங்கிலம்.

பதின்மூன்று ஆண்டுகள் தமிழிலே கற்று, தமிழிலே சிந்தித்து, தமிழிலே விடை எழுதி, வெட்டுப்புள்ளியைத் தாண்டிய மாணவன் மருத்துவ பீடத்திலோ, பொறியியற் பீடத்திலோ, விஞ்ஞான பீடத்திலோ, விவசாய பீடத்திலோ காலடி வைத்த அன்றே முழுவதும் ஆங்கிலத்திலே கற்க வேண்டியவன் ஆகின்றான். நேற்று வரை கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் இன்று விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையிலே வாய் திறவாது அமர்கின்றான். அவனுடைய அறிவு ஒரு விடுமுறைக் காலத்தில் தேய்ந்து போயிற்றா? இல்லை. அவன் ஏறி வந்த ஏணியின் மேற்படிகள் இரண்டை எவரோ அகற்றிவிட்டனர். அகற்றியவர் யார், அப்படிகளை மீண்டும் பொருத்துவது யார் பொறுப்பு என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

முதலில் இடர்ப்பாடு யாதென்று தெளிவோம். ஆங்கிலம் பேசக் கூச்சப்படுகிறார்கள் என்று சொல்லிப் பலர் இதனை முடித்துவிடுகின்றனர். கடையிலே பேரம் பேசும் ஆங்கிலம் வேறு. கல்வித்துறையின் ஆங்கிலம் வேறு. ஆர்முடுகல் என்றால் என்னவென்று நம் மாணவன் நன்கு அறிவான். அதனைக் கணக்கிடவும் அறிவான். விரிவுரையாளர் 'அக்செலறேசன்' என்று சொல்லி விரைந்து செல்லும்போது, அச்சொல்லையும் தான் அறிந்த பொருளையும் இணைக்க அவனுக்கு ஒரு நொடி தேவைப்படுகின்றது. அந்த நொடிக்குள் விரிவுரை இரண்டு வாக்கியம் முன்னே போய்விடுகின்றது. ஒளித்தொகுப்பு, பிரசாரணம், இழைமணி, வகையீடு, தொகையீடு என்று அவன் சேர்த்து வைத்த சொற்செல்வம் முழுவதும், நாணயம் மாற்றப்பட்ட நாட்டிலே பழைய காசு போலப் பெட்டிக்குள் கிடக்கின்றது.

சொற்கள் சிறிய தடை. சில மாதங்களில் மனத்தில் பதிந்துவிடும். பெரிய தடை வாக்கியத்திலே உள்ளது. "நேற்றுப் பெய்த மழையால் அழுகிய வெங்காயம்" என்று நாம் சொல்கின்றோம். விளக்கம் எல்லாம் முன்னே வந்து, பொருள் பின்னே வருகின்றது. வினை ஈற்றிலே நின்று முடித்து வைக்கின்றது. ஆங்கிலமோ வெங்காயத்தை முதலிலே வைத்து, அது அழுகியதையும், அழுகியதற்குக் காரணமான மழையையும், அம்மழை நேற்றுப் பெய்ததையும் ஒன்றன்பின் ஒன்றாக வாலிலே தொடுக்கும். பாடநூலிலே அந்த வால் நான்கு ஐந்து வரிக்கு நீளும். வினைச்சொல்லைப் பெயராக்கி, அப்பெயரை எழுவாயாக்கி, அதன்மேல் இன்னொரு பெயரை ஏற்றுவது அந்நடையின் வழக்கம். இதனை எவரும் நம் பிள்ளைக்குப் பள்ளியிலே சொல்லிக் கொடுத்ததில்லை.

மேலும், கல்வித்துறை ஆங்கிலத்திலே சிறு சொற்களுக்குப் பெரிய வேலை உண்டு. 'மே' என்ற ஒரு துணைவினை, 'இப்படி இருக்கக்கூடும்' என்று ஐயத்தோடு கூறுகின்றது; அதனைக் கவனியாதவன் ஐயத்தை முடிந்த முடிபாகக் கொள்கின்றான். 'அன்லெஸ்' என்ற சொல்லைத் தவறவிட்டால் நிபந்தனை தலைகீழாகின்றது. மருந்தின் அளவைப் பற்றிய வாக்கியத்திலே இது நேர்ந்தால் விளைவு என்ன என்பதை வைத்தியர்களாகிய நம் வாசகர்கள் அறிவர். வினாத்தாளிலும் இதே கதைதான். விவரிக்க, ஒப்பிடுக, மதிப்பிடுக, விமர்சிக்க என்ற நான்கு ஏவல்களும் நான்கு வெவ்வேறு விடைகளைக் கேட்கின்றன. ஆங்கிலத்திலே அவற்றின் வேறுபாடு தெரியாத மாணவன் நான்கிற்கும் தான் மனனம் செய்ததையே ஒப்புவிக்கின்றான். புள்ளி குறைகின்றது, பாடம் தெரியாதவன் என்ற பழியும் சேர்கின்றது.

இதிலிருந்து பிறக்கும் தீமைகளை எண்ணிப் பாருங்கள். விளங்காததை மனனம் செய்வது முதலாவது. தன் சொல்லில் எழுத முடியாமையால் நூலின் பந்தியை அப்படியே பெயர்த்து வைப்பது இரண்டாவது. அதனைத் திருட்டு என்று கண்டிக்கும் முன், எழுதும் கருவி அவன் கையிலே கொடுக்கப்பட்டதா என்று கேட்க வேண்டாமா? சந்தேகம் கேட்க அஞ்சி மௌனமாவது மூன்றாவது. இம்மூன்றும் சேர்ந்து, ஆராய்ந்து வினவ வேண்டிய இளைஞனைக் குறிப்பேடு பிரதி செய்யும் எழுத்தனாக ஆக்கிவிடுகின்றன.

தமிழிலேயே கற்பிக்கப்படும் கலைப் பீடங்களின் மாணவர் இதிலிருந்து தப்பினரோ என்றால், அதுவும் இல்லை. அங்கு விரிவுரை தமிழில் நடக்கின்றது. வாசிக்க வேண்டிய ஆய்வு நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. வரலாறும் பொருளியலும் சமூகவியலும் பயிலும் மாணவன் விரிவுரைக் குறிப்பையே உலகமென்று கொள்ள நேர்கின்றது. நூல்நிலையம் திறந்திருக்கின்றது, நூல்கள் அவனுக்கு மூடியிருக்கின்றன.

இந்நிலை எங்ஙனம் வந்தது? நம் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் தகும். 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி ஆங்கிலத்திலே உயர்கல்வி அளித்தது, தமிழையும் கற்பித்தது. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். அதே தாமோதரம்பிள்ளையே பின்னர் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆங்கிலம் அவருடைய தமிழைத் தின்றுவிடவில்லை. எனினும், ஆங்கிலம் கற்றவர் சர்க்கார் உத்தியோகத்தையே நாடுகின்றனர் என்ற மனக்குறை மிசனரிமாரிடையே வளர்ந்தது. 1855இல் செமினரி மூடப்பட்டது. மறுபுறம், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். இரு வழிகளும் நம் மண்ணிலே நடந்து பார்க்கப்பட்டவை. இரண்டிலும் பயன் கண்டோம்.

இருபதாம் நூற்றாண்டிலே கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் அறிக்கை அளித்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனா மொழியாயிற்று. அது 1950களிலே படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏறியது. 1960ஆம் ஆண்டளவில் சுயமொழியில் கற்ற மாணவர் பல்கலைக்கழகத்தின் கலைத்துறையை அடைந்தனர். ஏழையின் பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது இம்மாற்றமே என்பதை நாம் ஒருபோதும் மறவோம். ஆயினும், மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டன. பள்ளியிலே தாய்மொழி, பட்டப்படிப்பிலே ஆங்கிலம் என்று இரு கரைகள் அமைந்தன. இரண்டுக்கும் இடையே பாலம் கட்ட வேண்டியவர் அதனைக் கட்டவில்லை. ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினர், ஆற்றை நீந்திக் கடக்கும் பொறுப்பு மட்டும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளின் தலையிலேயே கிடக்கின்றது.

சட்டமும் இவ்விடத்திலே கைவிரித்துவிட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளுள் எதனூடாகவேனும் கல்வி பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகின்றது. உடனே ஒரு காப்புவாசகம் தொடர்கின்றது: தேசிய மொழியல்லாத ஒரு மொழியிலே போதிக்கும் உயர்கல்வி நிறுவனத்துக்கு இவ்வுரிமை பொருந்தாதாம். ஆகவே, தாய்மொழிக் கல்வி என்னும் உரிமை பல்கலைக்கழக வாயிலோடு நின்றுவிடுகின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியென்றது. இணைப்பு மொழி என்று பெயர் சூட்டிய அரசாங்கம், அம்மொழியைக் கிராமத்துப் பிள்ளைக்குக் கிட்டச் செய்ததா? உரிமை நிற்கும் இடத்திலே உதவி தொடங்க வேண்டும். அதுவே நீதி.

பள்ளிகளின் நிலையை நோக்குவோம். மூன்றாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கின்றது. உயர்தரத்திலே பொது ஆங்கிலம் என்று ஒரு பாடமும் உண்டு. ஆனால், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியிலே அப்பாடம் கணக்கெடுக்கப்படுவதில்லை. கணக்கில் வராத பாடத்துக்கு இரவு விழித்துப் படிப்பவர் யார்? ரியூசன் வகுப்புகள் இரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் நிரம்பி வழிகின்றன; பொது ஆங்கிலம் பாடவேளை அட்டவணையிலே பெயரளவில் நிற்கின்றது. வன்னியின் உட்கிராமங்களிலும், படுவான்கரையிலும், மலையகத் தோட்டப் பாடசாலைகளிலும் ஆங்கில ஆசிரியர் வருவதும் மாற்றலாகிச் செல்வதும் மழைமேகம் போலத்தான். 2001ஆம் ஆண்டு முதல் உயர்தர விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலே கற்க வழி திறக்கப்பட்டது. ஆசிரியரும் வசதியும் உள்ள பாடசாலைகளே அதனாற் பயனடைந்தன. சர்வதேசப் பாடசாலை என்னும் பெயரிலே பணம் படைத்தோர்க்குத் தனி வழியும் உண்டாயிற்று. இலவசக் கல்வி என்று சொல்லிக்கொண்டே, அதன் உச்சியிலே விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு திறவுகோலைத் தொங்கவிட்டிருக்கின்றோம்.

சிங்கள மாணவரும் இதே துன்பத்தை அறிவர். ஆங்கிலத்தை அவர்கள் 'கடுவ' என்று அழைத்தனர். கடுவ என்றால் வாள். பேராதனையிலே ஆங்கிலம் கற்பித்த திரு கந்தையா அவர்கள் 1984இல் எழுதிய கட்டுரைக்கு அச்சொல்லையே தலைப்பாக்கினார். வெட்டி வீழ்த்தும் ஆயுதமாகவே ஆங்கிலம் இந்நாட்டிலே நின்றிருக்கின்றது என்பதை அவ்வொரு சொல் உணர்த்துகின்றது. இது தமிழ் மாணவருக்கு மட்டும் உரிய துயரன்று. இரு மொழி ஏழைகளுக்கும் பொதுவானது. ஆகவே, இவ்விடயத்திலே இரு சமூகத்து மாணவரும் ஒரே கோரிக்கையை எழுப்ப இயலும்.

இனி, தற்போது நடைபெறும் பரிகாரத்தைப் பார்ப்போம். புகுமுக மாணவர்க்குச் சில வாரங்கள் ஆங்கில வகுப்பு நடத்துகின்றனர். பின்னர் வாரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம். அங்கு கற்பிக்கப்படுவது பொதுவான இலக்கணமும் உரையாடலும். விமான நிலையத்திலே வழி கேட்பது எப்படி என்று கற்றவன் மறுமணித்தியாலத்திலே உடற்கூற்றியல் நூலைத் திறந்து திகைக்கின்றான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா அவர்கள், 1999இல் வெளியான தமது நூலிலே அம்மாணவரின் அனுபவத்தை ஆராய்ந்துள்ளார். அமெரிக்க வாழ்வைச் சித்திரிக்கும் பாடநூலின் ஓரங்களிலே மாணவர் தம் சொந்த வாழ்வின் சித்திரங்களையும் சொற்களையும் எழுதி வைத்திருந்ததை அவர் கண்டார். ஆங்கிலம் வேண்டும் என்று அவர்கள் விரும்பினர். கொடுக்கப்பட்ட ஆங்கிலத்திலே தம்மைக் காணவில்லை. இதனைக் கற்பிப்போர் அனைவரும் மனங்கொள்ள வேண்டும்.

பரிகாரம் சொல்வோருள் இரு சாரார் உளர். ஒரு சாரார், பாலர் வகுப்பிலிருந்தே அனைத்தையும் ஆங்கிலமாக்குக என்பர். இவர்கள் கல்வியை வேரோடு பிடுங்கி நடச் சொல்கின்றனர். ஆங்கிலம் அறியாத வீட்டிலே, ஆங்கிலம் தடுமாறும் ஆசிரியரிடம், ஆங்கிலத்திலே விஞ்ஞானம் கற்கும் சிறுவன் இரண்டையும் இழப்பான். கருத்து முதலில் தாய்மொழியிலே ஊன்ற வேண்டும். ஊன்றிய கருத்தை இன்னொரு மொழிக்குக் கொண்டு செல்வது இயலும். ஊன்றாத கருத்தை எம்மொழிக்குக் கொண்டு செல்வது?

மறுசாரார், பல்கலைக்கழகம் முழுவதையும் நாளையே தமிழாக்குக என்பர். அவர்களுடைய தமிழ்ப் பற்றை வணங்குகின்றோம். ஆனால், மருத்துவமும் பொறியியலும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகின்றன. அப்புதுமைகளுள் மிகப் பெரும்பகுதி ஆங்கிலத்திலே வெளிவருகின்றது. அதனை வாசிக்க இயலாத பட்டதாரியை உருவாக்குவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. தமிழிலே ஆழ்ந்து அறிந்தவன் ஆங்கிலத்தையும் கைக்கருவியாகக் கொள்வானாயின், அவனே தமிழுக்குப் புதுநூல் தர வல்லவன். கிறீன் காலத்திலும் தாமோதரம்பிள்ளை காலத்திலும் நாம் கண்ட உண்மை இது.

இவ்விடத்திலே கமக்காரராகிய நம் வாசகர்க்கு ஒரு சொல். உங்கள் பிள்ளையின் படிப்போடு மட்டும் இது முடிவதன்று. கிளிநொச்சியிலே விவசாய பீடம் இயங்குகின்றது. அங்கு கற்று வெளியேறுவோர் மண்ணையும் நீரையும் பூச்சியையும் பற்றி ஆங்கிலத்திலே கற்கின்றனர். நெல்வயலிலே அறக்கொட்டியான் விழுந்தபோதும், கிணற்று நீர் உவரானபோதும் நீங்கள் அவர்களிடம் தமிழிலேதான் கேட்பீர்கள். கற்றதைத் தமிழிலே திருப்பிச் சொல்லும் பயிற்சி அவர்களுக்கு எங்கே கிடைக்கின்றது? ஆங்கிலம் அரைகுறையாகவும், துறைத்தமிழ் மறந்தும் போன பட்டதாரியால் நூலோடும் பேச முடியாது. வயலோடும் பேச முடியாது. நோயாளியின் முன் நிற்கும் வைத்தியருக்கும் இதுவே பொருந்தும். பாலத்துக்கு இரு திசைப் போக்குவரத்து வேண்டும்.

ஆகவே, நாம் வேண்டுவன இவை:

முதலாவது, உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகப் பிரவேசத்துக்கும் இடையே மாணவர் வீணே காத்திருக்கும் நீண்ட காலத்தை ஆங்கிலப் பயிற்சிக்குப் பயன்படுத்துக. மாவட்டந்தோறும், ஊருக்கு அண்மையிலுள்ள பாடசாலைகளிலே, கட்டணமின்றி, முழுநேர வகுப்புகளாக அவை நடைபெறல் வேண்டும்.

இரண்டாவது, அவ்வகுப்புகளும் பல்கலைக்கழக முதலாண்டு வகுப்புகளும் அந்தந்தத் துறையின் நூல்களையே பாடமாகக் கொள்க. பொறியியல் மாணவனுக்குப் பொறியியல் நூலின் வாக்கியத்தைப் பிரித்துக் காட்டுக. ஆங்கில விரிவுரையாளரும் துறை விரிவுரையாளரும் ஒன்றாக அமர்ந்து பாடத்தை வகுக்க வேண்டும்.

மூன்றாவது, உயர்தர வகுப்பிலேயே துறைச்சொற்களை இரு மொழியிலும் பழக்குக. பாடநூலின் பின்பக்கத்துச் சொற்பட்டியல் எவரும் புரட்டாத பட்டியலாகிவிட்டது. ஆசிரியர் ஆர்முடுகல் என்று சொல்லும் அதே வேளையில் அதன் ஆங்கிலப் பெயரையும் சொல்லிக் கரும்பலகையில் எழுதுவதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை.

நான்காவது, முதலாண்டிலே தமிழிலே சந்தேகம் கேட்கவும், தமிழிலே கலந்துரையாடவும் இடமளிக்குக. தமிழ் அறிந்த விரிவுரையாளர் தமிழ் அறிந்த மாணவனுக்கு ஒரு நுட்பத்தைத் தமிழிலே விளக்குவதிலே தரக்குறைவு எதுவுமில்லை.

ஐந்தாவது, ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பல்கலைக்கழகத்திலே நிலையான பதவியும் மதிப்பும் அளிக்குக. ஒப்பந்தத்திலே வந்து ஒப்பந்தத்திலே போவோரைக் கொண்டு ஒரு தலைமுறையைக் கரையேற்ற இயலாது.

ஆறாவது, ஒவ்வொரு பட்டதாரியும் தன் ஆய்வின் சாரத்தைத் தெளிந்த தமிழிலும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதிக்குக. சில ஆண்டுகளில் அதுவே கமக்காரரும் ஆசிரியரும் வாசிக்கத்தக்க ஒரு நூற்களஞ்சியமாக வளரும்.

அரசாங்கம் செய்யும் வரை காத்திருத்தலும் வேண்டாம். வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் நம்மிடையே நிறைந்துள்ளனர். ஓய்வு பெற்றோரும் பலர். அவர்களிற் பெரும்பாலோர் இதே ஆற்றை நீந்திக் கடந்தவர்களே. வாரத்தில் ஒரு மாலையை ஊர் வாசிகசாலையிலே, புகுமுக மாணவர் பதின்மருக்கு ஒரு துறைநூலின் இரண்டு பக்கத்தை வாசித்து விளக்குவதற்கு ஒதுக்குவார்களாயின், அதனினும் சிறந்த தானம் வேறில்லை. பழைய மாணவர் சங்கங்கள் மண்டபம் கட்டும் ஆர்வத்திலே ஒரு பங்கை இதற்குத் திருப்புவனவாக.

மாணவருக்கும் நாம் கூறுவது உண்டு. ஆங்கிலம் அறியாமை இழிவன்று. அறிய முயலாமையே குறை. சிரேட்ட மாணவர் கேலி செய்வார்கள் என்றும், உச்சரிப்புப் பிழைத்துவிடும் என்றும் அஞ்சி வாய் மூடாதீர்கள். நாள்தோறும் பாடநூலின் ஒரு பந்தியை எடுத்து, வினை எது, எழுவாய் எது என்று பிரித்து, அதன் கருத்தை முதலில் தமிழிலும் பின்னர் உங்கள் சொந்த ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அந்த ஆங்கிலம் முதலில் நொண்டும், பின்பு நடக்கும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் கல்வி அமைச்சுக்கும் நம் இறுதிச் சொல் இது. தமிழிலே பரீட்சை வைத்துத் தமிழிலே தேர்ந்தெடுத்த மாணவனை ஆங்கிலத்திலே கற்பிக்க விரும்பினால், அந்த ஆங்கிலத்தை அவனுக்குக் கொடுக்கும் கடன் தேர்ந்தெடுத்தவருடையது. அக்கடனைத் தீர்க்காது, முதலாண்டுப் பெறுபேற்றைக் காட்டி மாணவனின் தரத்தைப் பழிப்பது நியாயமாகாது. அடுத்த அணி மாணவர் இவ்வாண்டும் வாயிலிலே வந்து நிற்கப் போகின்றனர். அவர்கள் வருமுன் பாலத்தின் முதற்கல்லையேனும் நாட்டுங்கள்.